ஜேர்மானியமும் ஊர்க்காற்றும்

எங்கள் இரசாயனவியல் துறைக்குக் கையுறைப் பெட்டி வந்துவிட்டது. ஒரு அலுமாரியளவு பெட்டி, முகப்பு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் இரண்டு வட்டத் துவாரங்கள், அவற்றிலிருந்து உள்நோக்கி நீளும் கறுப்பு இறப்பர்க் கையுறைகள். உள்ளே ஒட்சிசனும் இல்லை, ஈரமும் இல்லை. காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் பொருட்களை உள்ளே வைத்துவிட்டு, வெளியே நின்றபடி கையுறைக்குள் கைவிட்டு வேலை செய்யலாம். நான் ஓய்வுபெற்றுவிட்டவள் என்றாலும், அதைத் திறந்துவைத்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இளம் விரிவுரையாளர் ஒருத்தி, "மிஸ், முதல்ல நீங்கள் கை வையுங்கோ" என்றாள். வைத்தேன். உள்ளே கிடந்த வெறும் குடுவையொன்றைத் தூக்கிப் பார்த்து, திரும்ப வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்னால் வந்தது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய ஒருவர் இல்லையே என்ற நினைப்பு.

"உது இல்லாமல் ஜேர்மானியத்தோடை எப்பிடி மல்லுக்கட்டினனீங்கள் எண்டு எங்கடை துறை மலருக்கு எழுதித் தாங்கோ மிஸ்" என்று அவள் கேட்டாள். அவள் கேட்டதற்காகவே எழுதுகிறேன்.

நான் பருத்தித்துறை ஆள். அப்பா கப்பலில் எந்திர அறையில் வேலை செய்தவர். வீட்டில் எனக்கு முன்பு யாரும் விஞ்ஞானம் படித்ததில்லை. நான் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் இருந்தபோது நாடு எரியத் தொடங்கியிருந்தது. பிறகு வந்த பட்டம், உதவி விரிவுரையாளர் வேலை, மேற்படிப்பு எல்லாம் இடம்பெயர்வுகளுக்கும் ஊரடங்குகளுக்கும் நடுவே கிடைத்தவை. அந்தக் கதை என் தலைமுறையில் எல்லோருக்கும் உண்டு. எனக்கு மட்டுமென்று இருக்கிற கதை இராசநாயகம் சேரோடு வேலை செய்தது.

சேர் சாவகச்சேரிக்காரர். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு, அங்கே கிடைத்த வேலையையும் விட்டுவிட்டு வந்து, எங்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கியவர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சேட்டின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பார். ஆய்வுகூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அது அவருடைய ஆய்வுகூடம்தான் என்றாலும் தட்டுவார். ஏன் சேர் என்று ஒருமுறை கேட்டேன்.

"உள்ளுக்கை ஆரும் எதையாவது ஊத்திக்கொண்டு நிப்பினம், பிள்ளை. திடீரெண்டு பின்னாலை போய் நிண்டால் கை நடுங்கும்" என்றார்.

பிழை விட்டால் அதைப் பிழை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "அப்பிடியோ" என்பார். அதில் பல தரம் உண்டு. சாதாரண அப்பிடியோ என்றால் மேலே போகலாம். மூக்கைத் தடவிக்கொண்டு சொன்னால் ஒரு படி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இழுத்துச் சொன்னால் குடுவையைக் கழுவி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தன் கண்ணாடிச் சாமான்களைத் தானே கழுவுவார். கழுவியதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வார். எல்லோரையும் 'நீர்' என்பார். எனக்கு ஐம்பது வயது கடந்த பிறகும் அவருக்கு நான் 'பிள்ளை'தான்.

வெளிநாட்டில் அவர் செய்த ஆராய்ச்சி குறட்டு இணையிகள் பற்றியது. ஓர் உலோக அணுவைப் பிடித்து நிற்கும் மூலக்கூறுக்கு இணையி என்று பெயர். பெரும்பாலானவை ஓரிடத்தில்தான் பிடிக்கும். குறட்டு இணையி மூன்று இடத்தில் பிடிக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பொசுபரசு அணுக்கள், நடுவில் வேறொரு அணு. ஆணித்தலையைக் குறடு கவ்வுவது போல் அது உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். இரிடியம் போன்ற தாண்டல் உலோகம் ஒன்று அப்படி அகப்பட்டால் சூடாக்கினாலும் இலேசில் கழன்று போகாது. வேறு மூலக்கூறுகளிலிருந்து ஐதரசனைப் பிடுங்குவது மாதிரியான கடின வேலைகளையும் செய்யும். நடுவில் இருக்கும் அணுவை மாற்றினால் உலோகத்தின் குணமும் மாறும். சேர் இளமையில் நடுவில் வைத்தது சிலிக்கனை. ஆவர்த்தன அட்டவணையில் சிலிக்கனுக்கு நேர்கீழே இருப்பது ஜேர்மானியம்.

"ஒரு வீடு கீழை இறங்கிப் பாக்க வேணும், பிள்ளை" என்பார். ஊருக்கு வந்தபோது அடுத்துச் செய்வதாக அவர் மனதில் வைத்திருந்தது அதைத்தான்.

போர் விடவில்லை. இதற்கு வேண்டிய நைதரசன் வராது, கரைப்பான் வராது, மின்சாரம் வருடக்கணக்கில் இல்லை. அவர் இருப்பதை வைத்துப் படிப்பித்தார். வளாகம் இடம்பெயர்ந்தபோது கூடவே போனார், திரும்பியபோது திரும்பினார். மனைவியும் சின்ன மகள் அபிராமியும் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அவுஸ்திரேலியாவில் இருந்த மனைவியின் தமையனிடம் போய்ச் சேர்ந்தார்கள். சேர் போகவில்லை. ஆய்வுகூடத்தை ஒழுங்குபடுத்திவிட்டு வருவதாகச் சொல்லி நின்றவர், நின்றுகொண்டே இருந்தார். இடைக்கிடை போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஜேர்மானியத்தை நடுவில் வைத்த குறடுகளை வெளிநாடுகளில் மற்றவர்கள் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கட்டுரைகள் அவர் கைக்குப் பிந்தித்தான் கிடைக்கும். வாசித்துவிட்டு எனக்குத் தருவார். முகத்தில் பொறாமை இருக்காது. பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி இருப்பார்.

போர் முடிந்து சில வருடங்களில் எனக்கு ஆய்வு விடுமுறை கிடைத்தது. ஜேர்மனியில் ஒரு ஆய்வுகூடத்துக்குப் போனேன். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நான் ஒருத்தி மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு நிற்பேன். அங்கேதான் முதன்முதலில் கையுறைப் பெட்டிக்குள் கைவிட்டேன். ஜேர்மானியத்தைக் கையாளப் பழகியதும் அங்கேதான். எக்ஸ்-கதிர்க் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த ஹன்னா என்ற பெண் எனக்குச் சிநேகிதி ஆனாள். ஒரு பளிங்கைக் கொடுத்தால் அதற்குள் எந்த அணு எங்கே இருக்கிறதென்று படமாக எடுத்துத் தந்துவிடுவாள். அங்கே குளிரில் காற்று உலர்ந்திருக்கும், உதடு வெடிக்கும். எல்லோரும் முறைப்பட்டார்கள். நான் அந்த ஈரமில்லாக் காற்றை மூச்சில் இழுக்கும்போதெல்லாம், இதில் கொஞ்சத்தைச் சேருக்குக் கொண்டுபோக முடியாதா என்று நினைத்துக்கொள்வேன்.

திரும்பி வந்தபோது தேவையான இரிடியம் சேர்வையைச் சிறிய போத்தலில் முறைப்படி கொண்டுவந்தேன். இரண்டு மூன்று தடவைக்குத்தான் காணும். சேர் போத்தலை வாங்கி, வழக்கம்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார்.

"எனக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்சக் காலம்தான் கிடக்கு. வீட்டிலையும் இனி வாங்கோ வாங்கோ எண்டுதான் சொல்லினம்" என்றார். "உதை ஒருக்கால் பாத்திட்டுப் போவம்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இது சரியாக வந்தால் சேர் போய்விடுவார். சரியாக வரவேண்டும் என்பதுதான் என் வேலை. முழு மனதோடு அந்த வேலையைச் செய்தேன். மற்ற நினைப்பு அதன்பாட்டில் ஒரு பக்கத்தில் இருந்தது.

முதலில் செய்யவேண்டியது கரைப்பானை உலர்த்துவது. தொலுயீனுக்குள் சோடியத் துண்டுகளையும் கொஞ்சம் பென்சோபீனோனையும் போட்டு, நைதரசனுக்குக் கீழ் கொதிக்கவிடுவோம். ஈரம் இருக்கும்வரை நிறம் வராது. கடைசித் துளி ஈரமும் போன பிறகு, பேனை மையை ஊற்றியதுபோல் குடுவை முழுக்க நீலமாகும். ஜேர்மனியில் அது ஒரு காலைப்பொழுதில் வந்தது. இங்கே கடல்காற்று. நாள் முழுக்கக் கொதித்தும் வெளிறிப்போய்க் கிடக்கும். சேர் கதிரையைப் போட்டுக்கொண்டு குடுவைக்கு முன்னால் இருப்பார். நீலம் வந்த அன்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானாக வந்து காணட்டும் என்று பேசாமல் இருந்தார்.

கண்ணாடிச் சாமான்களைச் சூளையில் காயவைத்து, சூட்டோடு பொருத்தி, பம்பினால் உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டு நைதரசனை விடவேண்டும். திரும்ப இழுத்து, திரும்ப விடவேண்டும். எங்கள் நைதரசன் கொழும்பிலிருந்து லொறியில் வருவது. சிலிண்டரின் அழுத்தச் சீராக்கி பழையது. விட்ட இடத்தில் நிற்காது, தானாக இறங்கும். யாராவது சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று திருகைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இணையியும் இரிடியமும் சேரும் தாக்கம் குளிரில் நடக்க வேண்டும். உலர்பனிக்கட்டிக்கு நாங்கள் எங்கே போவது? பருத்தித்துறை மீன்சந்தை இருக்கிறதே. விடியக் காலை அங்கே போய், மீனுக்குப் போடும் ஐசை வெப்பம் புகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். உப்பைக் கலந்தால் அதுவே போதிய குளிர் தரும்.

"அக்கா, மீன் பெட்டியைப் பின்னுக்கு வையுங்கோ. மணக்குது" என்றான் கொண்டக்டர்.

"மீன் இல்லைத் தம்பி, ஐஸ்தான்."

"வெறும் ஐசையோ யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோறியள்?" என்று கேட்டவன், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பைத்தியம் என்று முடிவுகட்டியிருப்பான்.

முதல் தடவை கரைசல் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கபில நிறமாகிப்போனது. எங்கேயோ காற்று ஏறிவிட்டது. சேர் இழுத்து ஒரு அப்பிடியோ சொன்னார். எல்லாவற்றையும் கழுவி வைத்தோம்.

இரண்டாம் தடவை நல்ல கோடை. நாங்கள் முன்பே செய்துவைத்த ஜேர்மானிய இணையியின் மஞ்சள் கரைசல் ஐசுக்குள் குளிர்ந்துகொண்டிருந்தது. மேலே இருந்த புனலில் இரிடியத்தின் செம்மஞ்சள் கரைசல். சேர் என்னை, நச்சுப்புகையை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்கு முன்னால் நிற்கச் சொல்லிவிட்டுத் தான் போய்ச் சிலிண்டரடியில் நின்றார். அந்த மூலையிலிருந்து பார்த்தால் நைதரசன் குமிழி போகும் எண்ணெய்க் குழாய் தெரியும். குடுவை தெரியாது. இடையில் கூண்டின் சுவர் மறைத்தது.

"சேர், நான் சிலிண்டரைப் பிடிக்கிறன். நீங்கள் இஞ்சை வாங்கோ" என்றேன்.

"உமக்குத்தான் கை பழகியிருக்கு. நில்லும். மெல்ல விடும்."

துளி துளியாக விட்டேன். பாதி போயிருக்கும், மின்சாரம் நின்றது. குடுவையைக் கலக்கிக்கொண்டிருந்த கருவி நின்றுவிட்டது. சுவரிலிருந்த காற்றாடி மெதுவாகச் சுழன்று ஓய்ந்தது. நான் ஒரு கையால் புனல் திருகைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் குடுவையின் கழுத்தைப் பிடித்து ஐசுக்குள்ளேயே வட்டமாக அசைக்கத் தொடங்கினேன். சிலிண்டரடியில் அழுத்தம் இறங்க இறங்க, சேர் திருகை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"குமிழி வருது. நீர் விடும்" என்றார். பிறகு, "என்ன நிறம், பிள்ளை?"

"மஞ்சள்தான் சேர்."

"இப்ப?"

"செம்மஞ்சளாய் வருது."

கடைசித் துளிகள் விழுந்தபோது கரைசல் முழுவதும் சட்டென்று கடுஞ்சிவப்பானது. பழுக்கத் தொடங்கிய ஈச்சங்காயின் சிவப்பு. குடுவையை அசைத்துக்கொண்டே அதைப் பார்த்தேன்.

"பிள்ளை, என்ன நிறம்?"

"சிவப்பு சேர். நல்ல சிவப்பு."

 அவர் மறைந்து நின்ற மூலையில் திருகின் சத்தம் மட்டும் கேட்டது. வந்து பாருங்கோ என்று கூப்பிடவும் முடியாது. அவர் கையை எடுத்தால் குமிழி நின்றுவிடும். சிவப்பு கொஞ்ச நேரம்தான் நின்றது. பிறகு தெளிந்து பொன்மஞ்சளில் வந்து அடங்கியது. அப்படித்தான் ஆகவேண்டும், இரிடியத்திடம் இருந்த குளோரீன் ஜேர்மானியத்துக்கு மாறி, குறடு பூட்டிக்கொள்கிறது என்று அதற்கு அர்த்தம். மின்சாரம் வந்து, நான் குடுவையை இறுக மூடியபின் அவர் கூண்டடிக்கு வந்தபோது குடுவையில் மஞ்சள்தான் இருந்தது.

"அப்பிடியோ" என்றார், குடுவைக்குக் கிட்டக் குனிந்து. அந்த அப்பிடியோவை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

கரைசலின் மேல் எக்சேன் என்ற இன்னொரு கரைப்பானை மெல்லப் படையாக விட்டு, ஆடாமல் அசையாமல் வைத்தோம். சில நாட்களில் இரண்டு படையும் சந்திக்கும் இடத்தில் மஞ்சள் பளிங்குகள் கட்டத் தொடங்கின. நல்லதாகச் சிலதை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, சுவாலையில் குழாயின் வாயை உருக்கி மூடி ஹன்னாவுக்கு அனுப்பினேன்.

அவள் அனுப்பிய படம் வந்த அன்று சேர் கதவைத் தட்டிவிட்டு வந்தார். நான் கணினியை அவர் பக்கம் திருப்பினேன். நடுவில் இரிடியம். இருபுறமும் பொசுபரசு. அவற்றுக்கு இடையில் ஜேர்மானியம் நேராக இரிடியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. குறடு பூட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஜேர்மானியத்தில ஒட்டிக்கொண்டு நிக்கிற உந்தச் சிவப்பு என்ன?"

படங்களில் ஒட்சிசனைச் சிவப்பில்தான் காட்டுவார்கள். அங்கே பச்சையில் குளோரீன் இருந்திருக்க வேண்டும்.

"ஒட்சிசன் சேர். ஓஎச் ஆகிப்போச்சு. தண்ணி ஏறியிருக்கு."  எந்த இடத்தில் ஏறியதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நைதரசனிலா, எக்சேனிலா, குழாயை மூடும்போதா. ஆனால் நாங்கள் செய்ய நினைத்த சேர்வை அதுவல்ல.

சேர் கதிரையை இழுத்து இருந்தார். கோபமோ கவலையோ முகத்தில் இல்லை.

"எங்கடை ஊர்க்காத்து ஏறியிருக்குது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"அடுத்த கோடைக்குத் திரும்பச் செய்வம் சேர். இரிடியம் கொஞ்சம் மிச்சம் கிடக்கு. நான் மூடுற வேலையை இன்னும் கவனமாச் செய்வன். சீராக்கியையும் மாத்துவம்." நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். இரசாயனத்தைப் பற்றித்தான் பேசினேன். நில்லுங்கோ சேர் என்பதை வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நீர் செய்யும், பிள்ளை" என்றார். நாங்கள் என்று சொல்லவில்லை.

மாரி தொடங்க முன்பே அவர் மெல்பேணுக்குப் போய்விட்டார். அடுத்த கோடையில் மிச்ச இரிடியத்தை வைத்துத் தனியாகச் செய்து பார்த்தேன். சிவப்பு வந்தது, பளிங்கு வரவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் படிப்பிப்பதும் பரீட்சைத் தாள் திருத்துவதும் துறைக் கூட்டங்களுமாகவே காலம் போனது. சனிக்கிழமைகளில் சேர் தொலைபேசி எடுப்பார். பம்பு எப்படிச் சத்தம் போடுகிறது, மழை பெய்கிறதா, யார் யார் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்பார். தன்னைப் பற்றிக் கேட்டால், "இஞ்சை நல்ல உலர்ந்த காத்து" என்று மட்டும் சொல்வார். பிறகு சனிக்கிழமைகள் குறைந்தன. பேசும்போது மூச்சு வாங்கியது. ஓய்வுபெற்ற பின்பும் சனிக்கிழமை காலைகளில் நான் தொலைபேசியைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் வைத்திருப்பேன். அவர் கதவைத் தட்டும் சத்தம் போல எங்காவது கேட்டால், இப்போதும் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

சென்ற வருடம் அவர் அங்கேயே காலமானார். கீரிமலைக் கடற்கரையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய அபிராமி வந்திருந்தாள். கிரியை முடிந்த மறுநாள் என்னைத் தேடிப் பருத்தித்துறைக்கு வந்தாள். நாற்பதை எட்டும் பெண். ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பது அப்படியே தகப்பன். தேத்தண்ணீர் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"அன்ரி, நான் ஒண்டு சொல்லட்டே? எனக்கு உங்கடை லாப்பிலை கனகாலம் கோவம் இருந்தது" என்றாள். "நான் அப்பா இல்லாமத்தான் வளந்தனான். எப்ப ஃபோன் எடுத்தாலும், உதை முடிச்சிட்டு வாறன் எண்டுவார். உது என்னெண்டே எங்களுக்குத் தெரியாது. அம்மா அதுக்குச் சக்களத்தி எண்டு பேர் வைச்சிருந்தவ."

இருவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"பிறகு ஒருநாள் எடுத்தவர். சரியா வந்திட்டுது பிள்ளை, இனி நான் வாறன் எண்டு சொன்னவர். சொல்லேக்கை அழுதவர். அப்பா அழுது நான் கேட்டது அண்டைக்குத்தான்." கோப்பையைக் கீழே வைத்தாள். "அது என்ன அன்ரி? எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ."

ஹன்னா அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினேன். குறடு எதுவென்று விரலால் கோடு காட்டினேன். இது இரிடியம், இது பொசுபரசு, இதுதான் உங்கடை அப்பா நடுவிலை வைக்க ஆசைப்பட்ட ஜேர்மானியம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் படத்தைக் கிட்ட எடுத்துப் பார்த்தாள்.

"இந்தச் சிவப்பு?"

"அது ஒட்சிசன். எங்கடை ஊர்க்காத்திலை இருந்து வந்தது" என்றேன். "அப்பாதான் அப்பிடிச் சொன்னவர்."

அவள் அந்த இடத்தை விரலால் மெல்லத் தொட்டாள். எங்கள் கணக்கில் அது சரியாக வரவில்லை. அதை என்னைவிட அவர் நன்றாக அறிவார். அறிந்துகொண்டுதான் அன்று மகளுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். இன்னொரு கோடைக்கு நிற்க அவருக்குக் காரணம் இருந்தது. அதை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"அப்ப, சரியாத்தானே அன்ரி வந்தது?" என்று அபிராமி கேட்டாள்.

"ஓம், பிள்ளை" என்றேன்.